கிராமம் என்று அச்சடித்தால் கிராமத்துக்கே கூட்டிப் போங்கள்

வியட்நாமுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் தமிழகப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்த பிறகு, வியட்நாம் நம் மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியா என்று போய்க்கொண்டிருந்த குடும்பங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இப்போது ஹனோய், டா நாங் என்று பேசுகிறார்கள். அதில் உங்கள் உழைப்பு பெரிது. விசாவிலிருந்து வயதானவர்களின் பத்தியச் சாப்பாடு வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். அதை மதித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் முறையீடு ஒன்றே ஒன்று. உங்கள் பயணத் திட்டத்தில் எங்கோ ஒரு வரியில் 'கைவினைக் கிராமம்' என்றோ 'கிராமிய வாழ்க்கை அனுபவம்' என்றோ அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பிப் பணம் கட்டியவர்கள் கிராமத்தைப் பார்க்காமலேயே ஊர் திரும்புகிறார்கள்.

நான் சேர்ந்து போன குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. ஹனோயிலிருந்து ஹா லாங் போகும் வழியில் பேருந்து ஒரு பெரிய கடைமுன் நின்றது. வாசலில் பளிங்குச் சிலைகள். உள்ளே நுழைந்தால் சின்ன மேசைகளில் குனிந்து எம்ப்ராய்டரி போடும் பெண்கள், அவர்களைத் தாண்டினால் பட்டு, முத்து, அரக்கு வேலைப்பாட்டுப் பெட்டிகள், காபித் தூள். பொருள்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்த்தான் கழிவறைக்கு வர முடியும். முக்கால் மணி நேரம் அங்கேயே போனது. திரும்பும்போதும் அதே போல இன்னொரு கடை. மறுநாள் திட்டத்தில் இருந்த பாட் ட்ராங் என்ற பீங்கான் கிராமத்தைப் பற்றிக் கேட்டோம். "நேரம் இல்லை சார், நேற்றுப் பார்த்ததும் அதே பீங்கான்தான்" என்று பதில் வந்தது. கூட வந்த ஒரு அம்மா, அந்த ஊரில் பேத்தியோடு உட்கார்ந்து பானை வனைந்து பார்க்க வேண்டும் என்று சென்னையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். ஒன்றும் பேசாமல் போய்ப் பேருந்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கமிஷன் இல்லாமல் இந்தத் தொழிலில் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். அதைக் கிராமம் என்ற பெயரில் காட்டுவதுதான் தவறு. வியட்நாம் அரசின் 2018ஆம் ஆண்டு ஆணைப்படி, ஓர் ஊரைக் கைவினைக் கிராமமாக அங்கீகரிக்க வேண்டும் என்றால் அங்குள்ள வீடுகளில் குறைந்தது 20 சதவீதமாவது அந்தத் தொழிலில் இருக்க வேண்டும். பாரம்பரியத் தொழில் என்று பெயர் வாங்க 50 ஆண்டுகளாவது நடந்துவந்திருக்க வேண்டும். ஹனோய் எல்லைக்குள் மட்டும் தொழில் நடக்கும் கிராமங்கள் 1,350 இருப்பதாக அந்த நகர நிர்வாகமே சொல்கிறது. அவ்வளவு இருக்க, நெடுஞ்சாலையோரக் கடையில் நம்மவர்களை ஏன் நிறுத்த வேண்டும்?

நேரம் இல்லை என்பதற்குக் காரணம் தேடினால் அது மதியச் சாப்பாட்டில் போய் முடிகிறது. ஒரு மணிக்கு இந்திய உணவகத்தில் பஃபே. அதற்காக எங்கிருந்தாலும் நகரத்துக்குள் திரும்ப வேண்டும். காலையில் பத்து மணிக்கு முன்னால் குழு கிளம்புவதில்லை. கிராமத்துக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? நம்மவர்களுக்கு ரசம் சாதம் இல்லாமல் முடியாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ராத்திரிக்கு அதை வைத்துக்கொள்ளலாமே. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டை 'சாய்' என்கிறார்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் கிராமத்து வீட்டிலேயே சோறு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, டோஃபு, நிலக்கடலைப் பொடி என்று சமைத்துத் தருவார்கள். மீன் சாறு மட்டும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு அது உப்பு மாதிரி, கை தானாகப் போய்விடும். நம்மவர்கள் பையில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் எப்படியும் இருக்கும். மதியச் சாப்பாடு கிராமத்துக்கு வந்துவிட்டால் பாதி நாள் கையில் மிஞ்சும்.

சரி, எங்கே கூட்டிப் போவது? நான் பார்த்தவற்றில் நம் மக்களுக்கு மிக நெருக்கமானது குவாங் ஃபூ காவ். ஹனோய்க்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர். ஊதுபத்திக் குச்சி செய்யும் ஊர். மூங்கிலை அறுத்து, கணு நீக்கி, மெல்லிய குச்சிகளாகச் சீவி, கட்டுக் கட்டாகச் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். சாயம் வடிந்ததும் கட்டின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துத் தரையில் ஊன்றி ஒரு சுழற்று சுழற்றினால் மறுமுனை விரிந்து பூவாக மலர்ந்து நிற்கிறது. முற்றம் முழுக்கச் சிவப்புப் பூக்கள். சமூக ஊடகங்களில் நீங்கள் பார்க்கும் படங்கள் இவைதான். படத்தில் தெரியாதது வெயில். காலையில் விரித்துவைத்து, மேகம் கூடினால் ஓடிவந்து அள்ளி, மறுபடி விரிக்க வேண்டும். நான் போயிருந்தபோது ஒரு வயதான பெண் வானத்தைப் பார்த்தபடியே வேலை செய்துகொண்டிருந்தார். விரல்களில் ஏறியிருந்த சிவப்பு நகக்கண் வரைக்கும் போயிருந்தது. நாங்கள் இந்தியர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, குச்சிக் கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இந்தியா அவருக்குப் பழகிய பெயர்.

அதற்குக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்துக் குச்சி நெடுங்காலமாக நம் நாட்டுக்கு ஏற்றுமதியாகி வந்தது. இங்கே வாசனை ஏற்றி, பெட்டியில் போட்டு, நம் பூஜையறைக்கு வந்து சேர்ந்தது. 2019 ஆகஸ்ட் கடைசியில் இந்திய அரசு ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானது. நம் நாட்டுத் தொழிலாளர்களுக்காக எடுத்த முடிவு அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டெல்லியில் போட்ட கையெழுத்து அங்கே குச்சி சீவும் வீடுகளைத் தொட்டது. இதை ஒரு வழிகாட்டி பத்து நிமிடம் பேசினால் போதும், நம் குழுவில் ஒருவர்கூடக் கைபேசியை எடுக்காமல் கேட்பார்கள். பூஜைக்குப் போகும் பொருள் என்பதால் குச்சிகளைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது என்று நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. படம் எடுப்பதற்கென்றே குச்சிகளை அடுக்கி வைத்திருக்கும் முற்றங்களில் ஒருவருக்கு 50,000 டாங் போலக் கேட்கிறார்கள். நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குள்தான். அதைப் பேரம் பேசாமல் நீங்களே கட்டிவிடுங்கள். வேலை நடக்கும் முற்றத்தை அரை மணி நேரம் நமக்காக விட்டுத் தருகிறார்கள் இல்லையா.

அடுத்தது டோங் ஹோ. ஹனோய்க்குக் கிழக்கே, டுவோங் ஆற்றங்கரையில், பாக் நின் மாகாணத்தில் இருக்கிறது. மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் நாட்டார் ஓவியங்களின் ஊர். புத்தாண்டான டெட் வந்தால் வட வியட்நாமியக் குடும்பங்கள் பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டும் வழக்கம் இருந்தது. குட்டிகளோடு நிற்கும் பன்றி, சேவல், பூனைக்குச் சீர் கொடுத்துக்கொண்டு ஊர்வலம் போகும் எலிக் கல்யாணம் எல்லாம் அந்தப் படங்களில் வரும். ஒரு காலத்தில் ஊரின் 17 குலங்களும் இதைச் செய்தன. இன்று இரண்டு மூன்று குடும்பங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மற்ற வீடுகள் முன்னோர்களுக்காக எரிக்கும் காகிதப் பொருள்கள் செய்யப் போய்விட்டன, ஏனென்றால் அதற்குத்தான் சந்தை இருக்கிறது.

அச்சிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காகிதம் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருவது. அதன் மேல் கிளிஞ்சலைப் பொடித்து, அரிசிப் பசையில் குழைத்து, ஊசியிலைகளைக் கட்டிய தூரிகையால் இழுத்துப் பூசுகிறார்கள். காய்ந்ததும் அந்தக் கோடுகள் வெளிச்சத்தில் மினுங்கும். கறுப்பு, மூங்கில் இலையை எரித்த கரியிலிருந்து. நீலம் அவுரியிலிருந்து. மஞ்சள் ஒரு மரத்தின் பூவிலிருந்து. சிவப்பு, கல்லை அரைத்து எடுப்பது. பலகையைச் சாயத்தில் ஒற்றிக் காகிதத்தின் மேல் அழுத்தி, ஒட்டிய காகிதத்தோடு அப்படியே தூக்கித் திருப்பி, பின்புறத்தைக் காய்ந்த பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். நாம் குளிக்க எடுக்கும் அதே நார்தான். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை. கடைசியில் கறுப்புக் கோடு விழும்போதுதான் அதுவரை வெறும் திட்டுகளாக இருந்தது சேவலாகிறது. அந்த நொடியைப் பார்க்கத்தான் போக வேண்டும். பேருந்திலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டால் திட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

இந்த ஊருக்கு நாற்பது பேரை ஒன்றாகக் கொண்டுபோகாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு. பதினைந்து பேர் உட்காரலாம். பெரிய குழுவாக இருந்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அந்த நேரத்தில் பாட் ட்ராங் அனுப்புங்கள். அங்கே எவ்வளவு பேர் வந்தாலும் தாங்கும். 1010இல் லீ வம்சத்து அரசர் தலைநகரைத் தாங் லாங்குக்கு, அதாவது இன்றைய ஹனோய்க்கு மாற்றியதைத் தொடர்ந்து குயவர்கள் வந்து குடியேறிய ஊர் என்று அதன் வரலாற்றைச் சொல்வார்கள். சிவப்பாற்றின் கரையில், நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள். நகரப் பேருந்தே போகிறது. 2025இல் இந்த ஊரும் ஹா டோங் பகுதியின் வான் ஃபுக் பட்டு நெசவு ஊரும் உலகக் கைவினை மன்றத்தின் கைவினை நகரங்கள் பட்டியலில் சேர்ந்தன. பீங்கான் சந்தையோடு திரும்பிவிடாமல், ஆற்றங்கரைப் பக்கம் பழைய சந்துகளுக்குள்ளும் போக வேண்டும். நிலக்கரிச் சூளைகள் இருந்த காலத்தில் கரிக் குழம்பைத் தட்டி அந்தச் சுவர்களில்தான் ஒட்டிக் காயவைத்தார்கள். இன்று பெரும்பாலும் எரிவாயுச் சூளைதான். புகை குறைந்ததில் அந்த மக்களின் நுரையீரலுக்கு நல்லது. குழந்தைகள் சக்கரத்தில் களிமண்ணை வைத்து விளையாடவும் இடம் உண்டு. அந்த அம்மா ஆசைப்பட்டது இதற்குத்தான்.

கூம்புத் தொப்பி வாங்காமல் வியட்நாமிலிருந்து யாரும் திரும்புவதில்லை. அது பிறக்கும் சுவோங் கிராமமும் ஹனோய்ப் பக்கம்தான். சூடேற்றிய இரும்பின் மேல் ஓலையைப் போட்டுத் துணி உருண்டையால் தேய்த்துச் சமமாக்கி, 16 மூங்கில் வளையங்களின் மேல் பரப்பித் தைக்கிறார்கள். சந்தை நாள் சந்திர நாட்காட்டிப்படி வரும், அதைக் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஹோய் ஆனுக்கு எப்படியும் போகிறீர்கள். விளக்குகளைப் பார்க்க மாலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு இரவே டா நாங் திரும்புகிறீர்கள். காலையிலேயே போனால் 'தான் ஹா' என்ற குயவர் ஊரையும் 'ட்ரா குவே' என்ற காய்கறிக் கிராமத்தையும் பார்த்துவிடலாம், இரண்டும் பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். தான் ஹாவில் ஒரு பெண் நின்றபடி காலால் சக்கரத்தை உதைத்துச் சுழற்ற, இன்னொருவர் உட்கார்ந்து வனைவார். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ட்ரா குவேயில் ஆற்றுப் பாசியை மண்ணில் புதைத்து உரமாக்கி, தோளில் காவடி போலத் தாங்கிய இரண்டு பூவாளிகளால் ஒரே நேரத்தில் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார்கள். புதினாவும் துளசி வகைகளும் கீரைகளும்தான் பயிர். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தது. பூவாளியைத் தோளில் வாங்கி ஒரு பாத்தி நடந்து பார்த்தாலே நம்மவர்களுக்கு அந்த வேலையின் கனம் புரியும். தீபாவளி விடுமுறைக் குழுக்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அக்டோபர், நவம்பரில் அங்கே மழையும் வெள்ளமும் வரும். அப்போது வடக்கே நாட்களைக் கூட்டிக்கொள்வது நல்லது.

கோயில் பார்ப்பதில் ஆர்வமுள்ள குழுக்களை நீங்கள் நிறையவே நடத்துகிறீர்கள். அவர்களை மீ சோன் என்ற பழைய இந்துக் கோயில் தொகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். நா ட்ராங் வரை போகிறவர்கள் இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் தெற்கே ஃபான் ராங் போகட்டும். அங்கே போ க்ளோங் கராய் கோபுரத்தின் வாசலுக்கு மேலே ஆடும் சிவன், உள்ளே முகலிங்கம், நந்தி. பழைய சம்பா நாட்டவரின் வழிவந்த சாம் மக்கள் இன்றும் வழிபடும் கோயில் அது. பக்கத்திலேயே பாவ் ட்ரூக். அந்த ஊர்ச் சாம் பெண்கள் சக்கரமே இல்லாமல் பானை செய்கிறார்கள். மண் ஓர் உருளையின் மேல் அசையாமல் இருக்கும். பெண் பின்பக்கமாக அடியெடுத்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, விரலாலும் மூங்கில் வளையத்தாலும் ஈரத்துணியாலும் வடிவம் கொண்டுவருவார். சூளையும் கிடையாது. திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கிச் சுடுகிறார்கள். அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் தொழில். 2022 நவம்பரில் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் பொருள், செய்யக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான். சிவனைக் கும்பிட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் நம் மக்கள், அங்கே சிவனை வழிபடும் சாம் மக்களின் கைவேலையைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மீகாங் பகுதியில் நீங்கள் காட்டுவது ஓரளவு நல்லபடியாகவே இருக்கிறது. பென் ட்ரேயின் தேங்காய் மிட்டாய் அந்த மண்ணின் உண்மையான தொழில். தேங்காய்ப் பாலைச் சர்க்கரையோடு காய்ச்சி, நீளமாக ஊற்றி, வெட்டி, வாயில் கரையும் அரிசித் தாளில் சுற்றுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடலாம். அப்புறம், பழத்தட்டோடு வந்து பாடுகிறார்களே, அது டோன் கா தாய் து என்ற மரபிசை. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம் குழு சத்தமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து மூன்று பாட்டுக் கேட்கும்படி வழிகாட்டி ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

பேரம் பற்றியும் பேச வேண்டும். நகரச் சந்தையில் பேரம் பேசுவது வழக்கம், பேசட்டும். செய்தவர் கையாலேயே தரும் பொருளுக்கு, அதுவும் ஒரு நாள் வேலைக்குக் கேட்கும் சில நூறு ரூபாய்க்கு, பாதி விலை கேட்பது நமக்கு நல்ல பெயர் தராது. இதைப் பேருந்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சாபா மாதிரி மலைக் கிராமங்களில் சின்னக் குழந்தைகள் கயிற்று வளையல் விற்க வருவார்கள். அவர்களிடம் வாங்கவும் வேண்டாம், மிட்டாய் தரவும் வேண்டாம். காசு வந்தால் பள்ளிக்கூடம் நிற்கும். அவர்களின் அம்மாவோ பாட்டியோ நெய்த அவுரித் துணியை, அந்த அம்மாவிடமே வாங்கச் சொல்லுங்கள்.

டெட் நாட்களில் எல்லாப் பட்டறையும் மூடியிருக்கும், அதற்கு முந்திய வாரங்களில்தான் வேலை உச்சத்தில் இருக்கும். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாகாணங்களும் மாகாணத்துக்கு இணையான நகரங்களும் சேர்ந்து 63 ஆக இருந்தவை 34 ஆகிவிட்டன. மாவட்ட நிர்வாகமே எடுக்கப்பட்டுவிட்டது. ஹோய் ஆன் இப்போது டா நாங்கிலும், ஃபான் ராங் கான் ஹோவா மாகாணத்திலும் அடங்கும். பழைய முகவரியை வைத்து வண்டி பேசினால் குழப்பம் வரும்.

அடுத்த பருவத்துத் திட்டத்தை அச்சடிக்கும் முன் இதைச் செய்யுங்கள். 'கைவினைக் கிராமம்' என்று பொதுவாக எழுதாமல் ஊரின் பெயரைப் போடுங்கள். அங்கே எத்தனை மணி நேரம், யார் வேலை செய்வதைப் பார்க்கப் போகிறோம், நுழைவுக் கட்டணம் பயணக் கட்டணத்தில் அடக்கமா என்பதைப் போடுங்கள். கடைக்கு நிறுத்துவதாக இருந்தால் அதைக் கடை என்றே போடுங்கள். கமிஷன் இழப்பை ஈடுகட்ட ஆளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூட்டினாலும் கட்டத் தயாராக இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானே ஒருவன். அப்படி ஒரு திட்டத்தை யார் முதலில் போட்டாலும் எங்கள் தெருவிலிருந்தே ஒரு வேன் ஆள் சேர்த்துத் தருகிறேன். அந்த அம்மாவிடம் முதலில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவன்